தகரப் பேணியும் தங்கப் பதக்கமும்
எமது பிள்ளைகளின் கண்டுபிடிப்புகளும் தேசிய விருதுப் போட்டிகளும்: குழுவாக வாசித்துக் கலந்துரையாட ஒரு பாடம்

2012 ஆம் ஆண்டு சிறுபோக காலத்தில் நாம் கிளிவெட்டிப் பக்கம் சென்றிருந்தோம். 2006 ஆம் ஆண்டு சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அப்போதும் அங்கே தகரக் கொட்டில்களில் வாழ்ந்து வந்தன. சொந்த வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து ஆறு வருடங்கள் கடந்திருந்தன. ஒரு குடும்பம் வாய்க்கால் ஓரமாக அரை ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்துக் கச்சானும் பயறும் போட்டிருந்தது. நிலம் பிறருடையது, விதை கடனுக்கு வாங்கியது. விளைச்சலில் ஒரு பங்கு காணிக்காரருக்கு, மற்றொரு பங்கு மயிலுக்கு என்ற நிலை.

மயில் காலையில்தான் வரும். ஐந்தரை மணிக்கு இறங்கினால் ஏழரை வரைக்கும் நிற்கும். அந்த இரண்டு மணித்தியாலமும் யாராவது காவல் நிற்க வேண்டும். தகப்பன் கூலி வேலைக்குப் போவார், தாய்க்குக் கைக்குழந்தை. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் படித்த மகன் காவலுக்கு நின்றான். பாடசாலை மணி அடிக்கும் நேரத்தில் அவன் இன்னும் தோட்டத்தில் நிற்பான். வரவுப் பதிவேட்டில் அவனது பெயருக்கு நேரே பிந்தி வந்த நாட்களும் வராத நாட்களுமே நிறைந்திருந்தன.

நாம் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது பையன் அங்கே இல்லை. ஆனால் எங்கோ "டொங்" என்று ஒரு சத்தம். சில நிமிடங்களுக்குப் பிறகு மீண்டும் "டொங்". போய்ப் பார்த்தோம். உடைந்த பி.வி.சி. குழாய்த் துண்டொன்று, அதன் குறுக்கே சைக்கிள் அச்சுக் கம்பி, கீழே ஒரு பால்மாப் பேணி, பேணியிலிருந்து தோட்டத்தின் மறுமூலைவரை இழுத்துக் கட்டிய கயிறு. மடையிலிருந்து விழும் தண்ணீர் குழாயின் வாய்க்குள் நிரம்புகிறது. நிரம்பியதும் வாய்ப்பக்கம் பாரத்தால் சாய்ந்து தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. பாரம் நீங்கியதும் அடிப்பக்கம் திரும்ப விழுந்து பேணியில் அடிக்கிறது. அதே அசைவு கயிற்றை இழுக்க, மறுமூலையில் தொங்கும் பேணிகளும் ஆடிக் கலகலக்கின்றன. மயிலைக் காணோம்.

"மகன் செய்தது. சும்மா விளையாட்டுக்கு" என்றார் தாய், சற்று வெட்கத்துடன்.

பையன் அந்நேரம் வகுப்பில் இருந்தான். அதற்காகத்தான் அவன் அதைச் செய்திருந்தான்.

அந்தத் தாயின் வாயில் வந்த "விளையாட்டு" என்ற சொல்லிலிருந்துதான் இந்தப் பாடம் தொடங்குகிறது. எமது பிள்ளைகள் செய்பவற்றுக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம்? சரியான பெயரை வைத்தால் அந்தப் பிள்ளைக்கு எந்தெந்தக் கதவுகள் திறக்கக்கூடும்?

கண்டுபிடிப்பு என்றால் என்ன?

முன்னரே இயற்கையில் இருந்த ஒன்றை அறிந்துகொள்வது ஒரு வகை. தண்ணீருக்குப் பாரம் உண்டு என்பதை அந்தப் பையன் உண்டாக்கவில்லை. அது எப்போதும் உள்ள உண்மை. அந்த உண்மையைக் கொண்டு மயிலை விரட்டும் ஒரு பொருளை ஆக்கியதே அவனுடைய வேலை. இப்படி ஒரு தேவையைத் தீர்ப்பதற்காகப் புதிதாக ஆக்கப்படும் பொருளையோ செய்முறையையோதான் விருதுப் போட்டிகளில் கண்டுபிடிப்பு என்றும் புத்தாக்கம் என்றும் சொல்கிறார்கள்.

இத்தகைய போட்டிகளில் நடுவர்கள் பொதுவாக மூன்று கேள்விகளை மனதில் வைத்துப் பார்ப்பார்கள்.

1. இது புதியதா?
2. இதனால் யாருக்கு என்ன பயன்?
3. இதை மற்றவர்களும் செய்து பயன்படுத்த முடியுமா?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு எமது பையனிடம் நல்ல பதில் இருந்தது. பயனைத் தோட்டமே காட்டியது. ஒரு மாதத்துக்குள் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டிலும் அதே சத்தம் கேட்டது.

முதலாவது கேள்விதான் கடினம். ஜப்பானிய விவசாயிகள் நீண்ட காலத்துக்கு முன்பே மூங்கிலால் இதே முறையில் ஒரு கருவி செய்து மானையும் பன்றியையும் விரட்டினார்கள். "ஷிஷி ஒதோஷி" என்பது அதன் பெயர். இன்று அது ஜப்பானியப் பூந்தோட்டங்களில் அழகுக்காக வைக்கப்படுகிறது. எமது பையன் அதைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அவன் சொந்தப் புத்தியாலேயே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். ஆனாலும் உலகத்துக்கு அது புதியது அல்ல.

அப்படியானால் அவன் செய்தது வீணா? இல்லை. இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து ஒரே சத்தம் வந்தால் பறவைகள் சில நாட்களில் பழகிவிடும். பிறகு பயப்படமாட்டா. பையன் இதை நாலாம் நாளே கண்டுகொண்டு, கயிற்றின் மூலம் சத்தத்தை வேறு மூலைக்குக் கொண்டு போனான். கயிற்றை மூலைக்கு மூலை மாற்றியும் கட்டினான். வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது இடைநாட்களில் கருவி நின்றுவிடும். அதற்கும் ஒரு வழி செய்தான். இருபது லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்றை உயரத்தில் வைத்து, அதிலிருந்து தண்ணீரைச் சொட்ட விட்டான். குழாயின் வாய் அரை லீற்றர் கொள்ளும். ஆகவே இருபது லீற்றருக்கு நாற்பது அடி. மூன்று நிமிடத்துக்கு ஓர் அடி என்று சொட்டைச் சரிசெய்தால் நூற்றிருபது நிமிடம், அதாவது இரண்டு மணித்தியாலம். ஐந்தரையிலிருந்து ஏழரைவரை! இந்தக் கணக்கை அவன் கொப்பியில் எழுதவில்லை. கானின் பக்கத்தில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தான்.

பழைய கருவியொன்றில் ஒரு குறையைக் கண்டு அதை நீக்குவதும் புத்தாக்கமே. போட்டிக்குப் போகும் பிள்ளை "எல்லாமே நான் செய்தது" என்று சொல்லத் தேவையில்லை. "இதுவரை இருந்தது இது, நான் சேர்த்தது இது" என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் அதுவே பெரிய பலம்.

நாம் தினமும் சொல்லும் ஒரு பெயர்

கண்டுபிடிப்பாளர் என்றதும் எங்கோ வெள்ளைக்காரர் நாட்டில் கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே நிற்கும் ஒருவரையே நினைக்கிறோம். ஆனால் இரட்டைச் சில்லு உழவு இயந்திரத்தை எமது விவசாயிகள் எந்தக் கொம்பனி செய்தாலும் "லாண்ட்மாஸ்டர்" என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இலங்கையரான ரே விஜேவர்தன 1924 ஆம் ஆண்டு பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1950களில் சிறு விவசாயிகளுக்கென இரண்டு சில்லுள்ள கை உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர் அவரே. இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்ட அந்த இயந்திரத்தின் வியாபாரப் பெயர்தான் லாண்ட்மாஸ்டர். இன்று எமது வாயில் அது ஒரு தமிழ்ச் சொல் போலவே ஆகிவிட்டது.

அவரது வாழ்க்கையில் நாம் படிக்க வேண்டிய இரண்டாவது பாகமும் உண்டு. பிற்காலத்தில் அவர் தமது கண்டுபிடிப்பையே கேள்விக்கு உட்படுத்தினார். எருமை பால் தரும், எரு தரும், கன்று ஈனும். இயந்திரமோ எரிபொருளும் உதிரிப்பாகமும் கேட்கும். சிறு விவசாயிக்கு உண்மையில் எது இலாபம் என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார். பின்னர் நைஜீரியாவிலும் இலங்கையிலும் மண்ணைப் பாதுகாக்கும் பயிர்ச்செய்கை முறைகளில் கவனம் செலுத்தி, சீமைக்கிளுவை போன்ற மரங்களை வேலியாகவும் பசளையாகவும் விறகாகவும் பயன்படுத்த ஊக்கமளித்தார். 2010 ஆம் ஆண்டு காலமாகும்வரை அவர் தம்மை விவசாயி என்றே சொல்லிக்கொள்ள விரும்பினார்.

இதிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியது என்ன? ஒரு கருவி வேலை செய்கிறதா என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. அது யாருடைய தேவையைத் தீர்க்கிறது, யாரைக் கடனாளி ஆக்குகிறது என்றும் கேட்க வேண்டும். இக்கேள்வியைக் கேட்பதற்கு எமது பிள்ளைகளைவிடத் தகுதியானவர்கள் இல்லை. கடனும் எரிபொருள் விலையும் அவர்கள் வீட்டில் தினமும் பேசப்படுகின்றன.

எமது நாட்டில் உள்ள ஏற்பாடு

1979 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கண்டுபிடிப்பாளர்களை ஊக்குவிப்பதும் ஆலோசனை, நிதியுதவி, விருது என்பவற்றை வழங்குவதும் அதன் பணிகள். பாடசாலைகளில் புத்தாக்குநர் கழகங்களை அமைப்பதற்கும் ஆணைக்குழு உதவி வந்துள்ளது. உங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் அப்படி ஒரு கழகம் உண்டா என்று அதிபரிடம் கேளுங்கள்.

ஆணைக்குழு நடத்திவந்துள்ள தேசியப் போட்டியும் கண்காட்சியும் "சஹசக் நிமவும்" என்ற சிங்களப் பெயரால் அறியப்படுகிறது. "ஆயிரம் ஆக்கங்கள்" என்று தமிழில் சொல்லலாம். இதில் பாடசாலை மாணவருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. தங்கம், வெள்ளி, வெண்கலப் பதக்கங்கள் வழங்கப்படுகின்றன. கண்காட்சியோடு சேர்ந்த போட்டியாதலால், எண்ணத்தை மட்டும் எழுதி அனுப்புவதைவிட, இயங்கும் மாதிரி ஒன்றைச் செய்து காட்டுவதே பிள்ளைக்குப் பலம். திகதிகளும் விதிகளும் ஒவ்வொரு தடவையும் மாறலாம். ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவித்தலைக் கேட்டுப் பெறுவது முக்கியம்.

இன்னொரு விடயம் ஆக்கவுரிமை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, புதிய கண்டுபிடிப்புக்குத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து உரிமை பெறலாம். அந்த உரிமை இருபது ஆண்டுகளுக்கு உரியது. ஆனால் பொருளை ஊரெல்லாம் காட்டி, பத்திரிகையிலும் போட்ட பிறகு "இது புதியது" என்று கோருவது சிக்கலாகலாம். எமது சட்டம் கண்டுபிடித்தவருக்கு ஒரு வருட அவகாசம் கொடுக்கிறது. பல நாடுகளில் அந்தச் சலுகை இல்லை. உரிமை பெறத்தக்கது என்று தோன்றினால், காட்சிக்கு வைக்கும் முன்பே ஆலோசனை கேட்பது நல்லது. எல்லாக் கண்டுபிடிப்புக்கும் ஆக்கவுரிமை தேவையென்றும் எண்ண வேண்டாம். மயில் விரட்டியைப் போன்றவை ஊர் முழுவதும் பரவுவதே நன்மை. ஆனால் செய்தவரின் பெயரும் அதனோடு சேர்ந்து பரவ வேண்டும்.

அயல்நாட்டு மாணவிகள் இருவர்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் றெம்யா ஜோஸ் என்ற மாணவி இருந்தார். தாயார் நோயுற்றபோது வீட்டாரின் துணிகளைத் துவைக்கும் பொறுப்பு பிள்ளைகள்மேல் விழுந்தது. தூரத்துப் பாடசாலைக்குப் பேருந்தில் போய்வர வேண்டும். படிக்க நேரமில்லை. மின்சாரத்தில் ஓடும் துவைக்கும் இயந்திரம் வாங்க வசதியுமில்லை. சைக்கிளைப் போல மிதித்தால் உள்ளே கம்பிவலை உருளை சுழன்று துணியைத் துவைக்கும் ஓர் இயந்திரத்தை அவர் படமாக வரைந்தார். தகப்பனார் அந்தப் படத்தை ஒதுக்கிவைக்கவில்லை. அருகிலிருந்த வாகனம் திருத்தும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துச் செய்வித்தார். மின்சாரம் இல்லாத வீட்டுக்கும் உதவும் அந்த இயந்திரத்துக்கு 2005 ஆம் ஆண்டு இந்தியாவின் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் விருது கிடைத்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாமின் கையாலேயே அதைப் பெற்றார்.

கவனியுங்கள். கிளிவெட்டிப் பையனுக்கும் மலப்புறம் மாணவிக்கும் தேவை ஒன்றுதான்: படிப்பதற்கான நேரம். புத்தியிலும் இருவருக்கும் குறைவில்லை. ஆனால் ஒருவரின் படம் பட்டறைக்குப் போனது.

இரண்டாமவர் தமிழ்ப் பிள்ளை. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், பன்னிரண்டு வயதில், தமது தெருவில் துணி அழுத்துபவர் எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டார். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் ஐந்து கிலோ கரி. அது எத்தனை மரம், எவ்வளவு புகை, அதைச் சுவாசிப்பவர் யார் என்று சிந்தித்தார். வெயிலில் மின்சாரம் பெற்று ஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கும் வண்டியொன்றை வடிவமைத்தார். ஐந்து மணித்தியால வெயில் கிடைத்தால் ஆறு மணித்தியாலம் வேலை செய்யலாம். 2019 ஆம் ஆண்டு அப்துல் கலாம் பெயரிலான "இக்னைட்" மாணவர் விருது அவருக்குக் கிடைத்தது. தேசியப் புத்தாக்க நிறுவனம் அந்த வண்டியை முழு அளவில் செய்துகொடுத்தது. 2020 இல் சுவீடனில் வழங்கப்படும் சிறுவர் காலநிலைப் பரிசையும் பெற்றார். 2021 இல் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற உலகக் காலநிலை மாநாட்டில் பேசினார்.

இந்த இக்னைட் போட்டியின் சிறப்பு ஒன்று உண்டு. 2008 இல் தொடங்கிய அதில், பிள்ளை எண்ணத்தை எழுதி அனுப்பினாலே போதுமானதாக இருந்தது. நல்ல எண்ணமானால் அதைப் பொருளாக்கும் வேலையில் நிறுவனமே கைகொடுத்தது. கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். எமது நாட்டிலும் இத்தகைய உதவி கிராமப் பிள்ளைகளைத் தேடி வர வேண்டும் என்று நாம் கேட்பதில் தவறில்லை.

தகரப் பேணி ஏன் கொழும்புக்குப் போகவில்லை?

எமது பையனின் கதைக்குத் திரும்புவோம். அவனது மயில் விரட்டியை ஓர் ஆசிரியர் பாடசாலைக் கண்காட்சியில் வைத்தார். எல்லோரும் பாராட்டினார்கள். கண்காட்சி முடிந்ததும் அது ஓர் அலுமாரியின் மேலே ஏறியது. தேசியப் போட்டி பற்றிய அறிவித்தல் வந்திருந்தது. அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டும் இருந்தது. யாரும் அதையும் இதையும் இணைத்துப் பார்க்கவில்லை. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார். முடிவுத் திகதியும் போனது.

இதில் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாமும் அந்தத் தோட்டத்தில் நின்று பார்த்தவர்கள்தான். "நல்ல கெட்டிக்காரன்" என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டு வந்தோம். அடுத்தது என்ன என்று நாமும் கேட்கவில்லை. இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியதே அந்தக் குறைதான்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தடைகள் வேறும் உண்டு. பாடசாலைகள் மாறிமாறிப் போவதால் பிள்ளையின் திறமையை நீண்ட காலம் கவனிக்கும் ஆசிரியர் அமைவதில்லை. சான்றிதழ்கள் தொலைந்திருக்கும். கொழும்பு வரை போய்வரச் செலவு. மொழிப் பயம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மனதில் உள்ளது. "நாங்கள் வாங்குகிறவர்கள்" என்ற எண்ணம். தறப்பாளும் நிவாரணப் பொருளும் வரிசையில் நின்று பெற்ற ஆண்டுகள் எம்மை அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் அதே ஆண்டுகளில் எமது பெண்கள் தகரத்தை வெட்டி அடுப்பு செய்தார்கள், பிள்ளைகள் செருப்பை வெட்டி விளையாட்டு வண்டிக்குச் சில்லு போட்டார்கள், ஆண்கள் சைக்கிளில் ஆறு தண்ணீர்க் கான்களைக் கட்டும் வழியைக் கண்டார்கள். கையிலிருந்ததைக் கொண்டு இல்லாததை ஆக்கிய இந்த வித்தையை எந்தப் பதிவேடும் எழுதி வைக்கவில்லை.

பெற்றோரும் கிராமச் சங்கமும் செய்யக்கூடியவை

1. பார்த்ததும் ஏசாதீர்கள். பிள்ளை எதையாவது கழற்றிப் பூட்டினால், "ஏன் உடைத்தாய்?" என்பதற்கு முன் "என்ன செய்யப் பார்க்கிறாய்?" என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் திருப்புளியும் குறடும் கொடுங்கள். வீட்டு வேலையின் கஷ்டம் அவர்களுக்கே அதிகம் தெரியும். ஆகவே தீர்வும் அவர்களிடமிருந்து வரும்.

2. ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். எண்ணம் வந்த நாள், வரைந்த படம், செய்து பார்த்த நாள், பிழைத்தது எப்படி, திருத்தியது எப்படி என்று திகதியுடன் எழுதட்டும். ஆசிரியர் ஒருவரிடம் கையொப்பம் பெறட்டும். யாருடைய எண்ணம் முந்தியது என்ற கேள்வி எழுந்தால் இந்தக் கொப்பிதான் சாட்சி. கரிக்கோடு மழையில் அழிந்துவிடும்.

3. பிழைத்தவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை உண்மையிலேயே தானே செய்ததா என்பதை நடுவர் அறிவது அங்கேதான். பெரியவர்கள் செய்துகொடுத்த பளபளப்பான பொருளை விட, பிள்ளை மூன்று தரம் பிழைத்துச் செய்த பொருளுக்கே பெறுமதி. பிள்ளைக்காக நாம் செய்துகொடுப்பது ஏமாற்று. பிள்ளைக்கு ஆணி பிடித்துக் கொடுப்பது உதவி. இவ்விரண்டின் வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

4. விசாரியுங்கள். பாடசாலை அதிபர், விஞ்ஞான ஆசிரியர், உங்கள் வலயக் கல்வி அலுவலகம் ஆகியோரிடம் வருடத் தொடக்கத்திலேயே போட்டிகளைப் பற்றிக் கேளுங்கள். பிரதேச செயலகத்தோடு இணைந்த விதாதா வள நிலையம் இருந்தால் அங்கேயும் போங்கள். கிராமங்களுக்குத் தொழில்நுட்பம் கொண்டுவரவே அவை தொடங்கப்பட்டன.

5. தமிழில் எழுதுங்கள். எமது நாட்டில் தமிழும் அரசகரும மொழி. அரச நிறுவனமொன்றுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு. விண்ணப்பம் தமிழில் கிடைக்காவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.

6. பத்திரங்களைத் தயாராக வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி கேட்கலாம். போட்டி வந்த பிறகு ஓடித் திரிய வேண்டியதில்லை.

7. சங்கமாகச் செலவைப் பகிருங்கள். விவசாய சங்கம், மாதர் சங்கம், பழைய மாணவர் சங்கம் எதுவாயினும் வருடத்துக்கு ஒரு பிள்ளையின் பயணச் செலவை ஏற்கலாம். பட்டறை வைத்திருப்பவர் ஒரு நாள் உழைப்பை இலவசமாகத் தரலாம். மலப்புறத்தில் ஒரு தகப்பன் செய்ததை இங்கே ஒரு கிராமம் சேர்ந்து செய்யலாம்.

விருது தருவதும் தராததும்

விருது பிள்ளைக்கு ஒரு பெயரைத் தருகிறது. "காவல் நிற்கிற பையன்" என்றிருந்தவன் "அதைச் செய்த பையன்" ஆகிறான். ஆசிரியர், அதிகாரி, பல்கலைக்கழகத்தார் என வேறு கண்களும் அவனைப் பார்க்கின்றன. மற்றப் பிள்ளைகளும் "எங்களாலும் முடியும்" என்று நினைக்கிறார்கள்.

ஆனால் விருது சோறு போடாது. பதக்கம் பெற்ற பொருள்களில் பல சந்தைக்கு வருவதே இல்லை. செய்து விற்க முதல் வேண்டும், வாங்குபவர் வேண்டும். ஆகவே "தங்கப் பதக்கம் கிடைத்தால் எங்கள் கஷ்டம் தீரும்" என்ற பாரத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றக்கூடாது. பதக்கம் கிடைக்காத பிள்ளையைத் தோற்றவனாக நடத்தவும் கூடாது. போட்டியில் பலர் கலந்துகொள்வார்கள், சிலருக்கே பதக்கம். ஆனால் தான் செய்த பொருளை அந்நியர் முன் நின்று விளக்கிச் சொன்ன பிள்ளை, அந்தத் துணிவை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அதை எந்த நடுவரும் திருப்பி வாங்க முடியாது.

சம்பூர்க் குடும்பங்கள் பல 2015, 2016 ஆம் ஆண்டுகளில் தமது நிலத்துக்குத் திரும்பின. கிணறுகள் தூர்ந்திருந்தன, வீடுகள் இருந்த இடத்தில் பற்றைகள் நின்றன. அந்தப் பையனின் குடும்பமும் திரும்பியது. அவர் சாதாரண தரப் பரீட்சை எழுதினார். காவலுக்கு நின்றிருந்தால் அதுவும் நடந்திராது. இப்போது வாகனம் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறார். கிளிவெட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த "டொங்" சத்தத்தை நாம் பின்னரும் கேட்டோம். "இதை யார் செய்தது?" என்று கேட்டபோது தோட்டக்காரர், "இது முன்னமே இங்கே உள்ளதுதானே" என்றார்.

கண்டுபிடிப்பு நிலைத்தது. பெயர் நிலைக்கவில்லை. அடுத்த பிள்ளையின் பெயரையாவது நாம் எழுதி வைப்போம். தேசிய விருதை வழங்குவது எமது கையில் இல்லை. ஆனால் "இது என் மகள் செய்தது, விளையாட்டுக்கு அல்ல" என்று அயலாரிடம் சொல்வது எமது கையில்தான் உண்டு. எந்தப் பிள்ளைக்கும் முதல் விருது அதுவே.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்கள் வீட்டில் கையிலிருந்ததைக் கொண்டு புதிதாகச் செய்த பொருள் ஒன்றைச் சொல்லுங்கள். அதை முதலில் செய்தவர் யார்?

2. உங்கள் பிள்ளைகளில் யாராவது வீட்டு வேலையாலோ தோட்டக் காவலாலோ பாடசாலைக்குப் பிந்துகிறார்களா? அந்த வேலையைக் குறைக்க ஒரு வழியை அந்தப் பிள்ளையிடமே கேட்டுப் பார்த்தீர்களா?

3. மயில் விரட்டியில் எது பழையது, எது புதியது? நீங்கள் நடுவரானால் எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்? ஏன்?

4. லாண்ட்மாஸ்டர் எமது விவசாயத்துக்கு எதைத் தந்தது, எதை எடுத்துக்கொண்டது? எருமை வைத்து உழுத முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

5. உங்கள் சங்கம் இவ்வருடம் ஒரு பிள்ளைக்கு உதவுவதானால் முதலில் என்ன செய்யும்? பொறுப்பேற்பவர் யார், எந்தத் திகதிக்கு முன்?

ஒரு வாரப் பயிற்சி: ஏழு நாட்களும் பிள்ளைகள் வீட்டிலும் தோட்டத்திலும் "இது கஷ்டம்" என்று பெரியவர்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் கொப்பியில் குறிக்கட்டும். ஏழாம் நாள் எல்லோரும் கூடியிருந்து வாசியுங்கள். அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு படமாவது வரைந்து வரச் சொல்லுங்கள். அந்தப் படத்தின் கீழே பிள்ளையின் பெயரையும் திகதியையும் எழுத மறக்க வேண்டாம்.